மயோகார்டைட்டிஸ்: எம்ஆர்ஐ போதுமா, பயாப்ஸி வரைக்கும் போக வேண்டுமா?

காவிரிக்கரை_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 24 வயது. ஊர்க் கபடி டீமில் ரெய்டர். பீடி சிகரெட் கிடையாது, சர்க்கரை பிரஷர் எதுவும் இல்லை. போன வாரம் காய்ச்சலும் தொண்டை வலியுமாக மூன்று நாள் படுத்திருந்தான், நாலாம் நாள் விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்று என்னை எழுப்பினான். மல்லாந்து படுத்தால் வலி கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், ஒரு ஈசிஜி கூட எடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மத்தியானம் வலி தாங்க முடியாமல் போய் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜியில் மாற்றம் இருக்கிறது, ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் பொருள்) மிக அதிகம், ஹார்ட் அட்டாக்காக இருக்கலாம் என்று அன்றைக்கே ஆஞ்சியோ செய்தார்கள். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 52 சதவீதம். இதயத் தசையில் அழற்சி, மயோகார்டைட்டிஸ், பெரும்பாலும் வைரஸால் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். நாளை மறுநாள் கார்டியாக் எம்ஆர்ஐ எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு நடுவில் சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் போன் செய்து, "எம்ஆர்ஐ எல்லாம் வெறும் படம்தான், சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி, பயாப்ஸிதான் கோல்டு ஸ்டாண்டர்டு, அதைச் செய்யாத இடத்தில் ஏன் வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டார். அம்மா அதைக் கேட்டதிலிருந்து "துடிக்கிற நெஞ்சிலிருந்து சதையை வெட்டுவார்களா" என்று அழுதுகொண்டே இருக்கிறார். தம்பி இப்போது வார்டில் எழுந்து நடக்கிறான், வலி குறைந்துவிட்டது. எம்ஆர்ஐயோடு நிறுத்திக்கொண்டால் ஏதாவது தவறிப்போகுமா? பயாப்ஸி கேட்டு வேறு ஊருக்குப் போக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாரல்_தென்காசி:

அக்கா, முதலில் தைரியமாக இருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அப்போது எனக்கு 27. எனக்கு எம்ஆர்ஐயோடு முடிந்தது, பயாப்ஸி பேச்சே எடுக்கவில்லை.

எம்ஆர்ஐ எப்படி இருக்கும் என்று தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எனக்கு யாரும் சொல்லாததால் பாதியில் பயந்துவிட்டேன். நெஞ்சில் ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டி, மேலே ஒரு கனமான தட்டு மாதிரி வைத்துக் கட்டி, குழாய்க்குள் தள்ளுவார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. ஹெட்ஃபோனில் "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், மூச்சை விட்டுவிட்டுப் பிடிப்பது நெஞ்சுவலிக்காரனுக்குச் சுலபமில்லை, ஐம்பது தடவையாவது பிடித்திருப்பேன். நடுவில் கை நரம்பில் மருந்து ஏற்றும்போது ஜில்லென்று முழங்கை வரைக்கும் ஏறியது. அவ்வளவுதான், வலி எதுவும் இல்லை.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். இதயம் குறுக்கே வெட்டிய வளையம் மாதிரி கறுப்பாகத் தெரிந்தது, அதன் வெளி விளிம்பில், பக்கவாட்டில், சாக்பீஸால் லேசாகக் கோடு இழுத்த மாதிரி ஒரு வெள்ளை. "ஹார்ட் அட்டாக் என்றால் இந்த வெள்ளை உள் விளிம்பிலிருந்து தொடங்கும், உங்களுக்கு வெளியே இருக்கிறது பாருங்கள்" என்றார். அந்த ஒரு படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வந்தது அட்டாக் இல்லை என்று மனசு நம்பியது. ஆறு மாதம் கிரிக்கெட் கூடாது என்றார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் திரும்ப எடுத்த எம்ஆர்ஐயில் கோடு மெலிந்திருந்தது, வீக்கம் போயிருந்தது.

ஸ்கேன்_அறை:

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், இந்த ஸ்கேன் அடிக்கடி எடுப்பவன். மேலே சாரல் சொன்னது சரி. நடைமுறையில் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

எம்ஆர்ஐ மெஷின் இருக்கிற இடமெல்லாம் இதயத்துக்கு எடுக்க முடியாது. முதுகு, மூளை, முழங்கால் என்றால் ஆடாமல் இருக்கும், இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் ஈசிஜி துடிப்போடு சேர்த்துப் படம் பிடிக்கிற சாஃப்ட்வேரும், அதைப் படிக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்டும் வேண்டும். போன் செய்து "மயோகார்டைட்டிஸ் புரோட்டோகால் எடுப்பீர்களா, டி1 டி2 மேப்பிங் உண்டா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேப்பிங் என்பது தசையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுப்பது. சும்மா கண்ணால் பார்த்து வெள்ளையா கறுப்பா என்று சொல்வதை விட அது நம்பகமானது, லேசான வீக்கம்கூட எண்ணில் தெரிந்துவிடும்.

கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் வைத்திருங்கள், படம் துலங்க நரம்பில் ஏற்றும் காடோலினியம் மருந்து கொடுக்க சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஆஞ்சியோவில் போட்ட அயோடின் மருந்து வேறு, இது வேறு. உடம்பில் பிளேட், ஸ்குரூ, பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி எது இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்பில் கட்டிய தாயத்து, வெள்ளி அரைஞாண் கூட கழற்ற வேண்டும், கடைசி நிமிஷத்தில் கழற்றச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் கலங்கிவிடுகிறார்கள், அதனால் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தள்ளிப்போடாதீர்கள். அறிகுறி தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் வீக்கம் வீக்கமாகத் தெரியும். மூன்று மாதம் கழித்து வருபவர்களுக்குத் தழும்பு மட்டும்தான் தெரியும், அது எப்போது வந்தது, இன்னும் அழற்சி இருக்கிறதா என்று சொல்ல முடியாமல் போகும்.

துடிப்பு_மதுரை:

இதய மருத்துவர். ஆளைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. எனக்கு நேரம் இருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் சொன்ன கோல்டு ஸ்டாண்டர்டு என்ற வார்த்தை பொய்யில்லை. ஆனால் அது என்ன கேள்விக்குப் பதில் என்பதைப் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐ சொல்வது இதயத் தசையில் அழற்சி இருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்பது. பயாப்ஸி சொல்வது அது எந்த வகை அழற்சி என்பது. அழற்சி செய்வது லிம்போசைட்டா, ஈசினோஃபிலா (இரண்டும் வெள்ளணு வகைகள்), பல செல்கள் சேர்ந்து பெருத்த ஜெயன்ட் செல்லா, உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் வரும் சார்காய்டு நோயா, உள்ளே வைரஸ் இருக்கிறதா, இதையெல்லாம் எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. அந்த வகை தெரிந்தால் கொடுக்கும் மருந்து மாறுமா என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. மாறும் என்றால் பயாப்ஸி அன்றைக்கே வேண்டும். மாறாது என்றால் அந்த ஆபத்து எதற்கு?

எம்ஆர்ஐயைப் படிக்க லேக் லூயிஸ் விதிகள் என்று உண்டு, கனடாவில் இருக்கும் ஓர் ஏரிக்கரை ஊரின் பெயர் அது. 2009-ல் வந்தது, 2018-ல் திருத்தினார்கள். இப்போதைய விதிப்படி இரண்டு தடயம் வேண்டும். ஒன்று தசையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும் டி2 தடயம். மற்றது தசை செத்ததையோ தழும்பானதையோ காட்டும் டி1 தடயம், மேலே சாரல் சொன்ன வெள்ளைக் கோடு இதில் சேரும். நோயாளியின் கதை பொருந்தி, இரண்டும் இருந்தால் மயோகார்டைட்டிஸ் என்று தெம்பாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகம் தொடரும், அவ்வளவுதான், இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் தம்பி மாதிரி நெஞ்சுவலியும் ட்ரோபோனினுமாக வருபவர்களிடம் எம்ஆர்ஐ நன்றாகவே கண்டுபிடிக்கும். மெதுவாக மூச்சிரைப்போடு வருபவர்களிடம் அதன் திறன் குறையும், படபடப்பு, துடிப்புக் கோளாறு மட்டும் வைத்து வருபவர்களிடம் இன்னும் குறையும்.

இனி பயாப்ஸி. 1962-ல் ஜப்பானில் சகாகிபாராவும் கொன்னோவும் நரம்பு வழியாக இதயத்துக்குள் அனுப்பும் ஒரு சின்னக் கவ்வியைச் செய்தார்கள், இன்றைய பயாப்டோம் அதன் வாரிசுதான். கழுத்து அல்லது தொடை நரம்பு வழியாக வலது கீழறைக்குப் போய், இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரிலிருந்து கடுகளவு துண்டுகள் ஐந்தாவது எடுப்போம். இங்கேதான் சிக்கல். வைரஸ் அழற்சி திட்டுத் திட்டாக வரும், அதிலும் பெரும்பாலும் இடது கீழறையின் பக்கவாட்டுச் சுவரில், வெளிப்புறத்தில் உட்காரும். நம் கவ்வி போவது நடுச்சுவரின் உட்புறத்துக்கு. மயோகார்டைட்டிஸில் இறந்துபோனவர்களின் இதயத்தையே எடுத்து அதில் பயாப்ஸி செய்து பார்த்த பழைய ஆய்வுகளில், ஒரு துண்டு எடுத்தால் நாலில் ஒரு முறைதான் நோய் அகப்பட்டது, ஐந்துக்கு மேல் எடுத்தும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை. 1986-ன் டல்லாஸ் விதிகள் தசைநார் சேதமும் அழற்சி செல்களும் சேர்ந்து கண்ணில் பட்டால்தான் நோய் என்றன, அதிலும் நிறைய நழுவியது. இப்போது செல்களுக்குச் சாயம் ஏற்றி எண்ணுகிறார்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 14 வெள்ளணுக்கள், அதில் டி செல் என்ற வகை குறைந்தது 7 இருந்தால் அழற்சி என்று கணக்கு, கூடவே வைரஸுக்குப் பிசிஆர். இவை இருந்தால் பயாப்ஸியின் மதிப்பு கூடுகிறது, இல்லாத லேபுக்கு அனுப்பிய பயாப்ஸி பாதிப் பயாப்ஸிதான். கைப்பழக்கம் உள்ள இடத்தில் பெரிய சிக்கல் 100 பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவு. ஆனால் அந்த ஒருவருக்கு நடப்பது இதயச் சுவரில் ஓட்டை, அதைச் சுற்றி ரத்தம் கட்டுவது. சின்ன விஷயமில்லை.

அப்படியானால் யாருக்குச் செய்தே ஆக வேண்டும்? புதிதாக இதயம் செயலிழந்து பிரஷர் விழுந்து ஐசியூவில் இருப்பவர், திரும்பத் திரும்ப ஆபத்தான துடிப்புக் கோளாறு வருபவர், ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு அல்ல, இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் தடைபடுவது) வந்தவர், ஒன்றிரண்டு வாரம் வழக்கமான மருந்து கொடுத்தும் தேறாதவர். 2007-ல் அமெரிக்க, ஐரோப்பிய இதய அமைப்புகள் சேர்ந்து சொன்ன வழிகாட்டலின் சாரம் இதுதான். பின்னால் வந்தவை பயாப்ஸிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தன, ஆனாலும் இவர்கள்தான் முதல் வரிசை. காரணம் ஜெயன்ட் செல் என்கிற வகை. 1997-ல் வந்த ஆய்வில் அந்த நோய் கண்ட 63 பேரில் பாதிப்பேர் ஐந்தரை மாதத்துக்குள் இறந்தார்கள் அல்லது மாற்று இதயம் வைக்க வேண்டி வந்தது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அந்தக் காலம் நீண்டது. அந்த மருந்துகளை எல்லா மயோகார்டைட்டிஸுக்கும் கொடுத்துவிட முடியாது, 1995-ல் 111 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பொதுவாகப் பலனில்லை என்று தெரிந்தது.

உங்கள் தம்பிக்கு பிரஷர் நன்றாக இருந்து, பம்பிங் 52-ல் நின்று, மானிட்டரில் துடிப்பு ஒழுங்காக இருந்தால், எம்ஆர்ஐ போதும் என்ற உங்கள் டாக்டரின் வழி சரியான வழி. ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் காய்ச்சலைத் தொடர்ந்து இதயம் வீங்கினால் காக்ஸாகி, பார்வோ வைரஸ் மட்டும் நினைத்தால் போதாது. டெங்கு, எலிக்காய்ச்சல், சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றும் இதயத்தைத் தொடும். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் வேகமாகக் கேட்கும், அதற்கு எம்ஆர்ஐயும் வேண்டாம் பயாப்ஸியும் வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்:

டாக்டர் எழுதியதில் பயாப்ஸி செய்தே ஆக வேண்டிய வகை நாங்கள். பயாப்ஸி என்றால் பயந்து ஓடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 41. மூச்சிரைப்பு என்று போனோம், இரண்டே நாளில் துடிப்பு 35-க்கு இறங்கி, தற்காலிக பேஸ்மேக்கர் வயர் போட்டுவிட்டார்கள். பம்பிங் 25. அந்த வயரோடு எம்ஆர்ஐக்குள் அனுப்ப முடியாது, ஒரு ராத்திரி கூட ஸ்கேனுக்குக் காத்திருக்க முடியாது என்று நேராக ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அறைக்குக் கொண்டுபோனார்கள், பயாப்ஸிக்கு. கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை நடுங்கி என் பெயரே கோணலாக வந்தது.

அவர் முழிப்பாகத்தான் இருந்தார். கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஒவ்வொரு துண்டு எடுக்கும்போதும் உள்ளே யாரோ சுண்டி இழுத்த மாதிரி ஒரு துள்ளல், வலி இல்லை என்றார். முடிந்ததும் எக்கோ வைத்துச் சுற்றிலும் ரத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினார்கள். சிஸ்டர் கையில் இருந்த சின்ன பாட்டிலைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் மாதிரி மருந்து, அடியில் வெளிர் சிவப்பாக ஐந்தாறு துணுக்குகள். வெங்காயத் தோலைக் கிள்ளிப் போட்ட அளவுகூட இல்லை. அதில்தான் எங்கள் வாழ்க்கை இருந்தது. மறுநாள் சாயங்காலம் முதல் ரிப்போர்ட் வந்தது, ஜெயன்ட் செல். அன்று ராத்திரியே பெரிய டோஸ் ஸ்டீராய்டு, அதோடு நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின். இன்று மூன்று வருஷம் ஆகிறது, பம்பிங் 45, உள்ளே ஐசிடி மெஷின் (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்திருக்கிறது, பெண்ணை ஸ்கூலில் அவர்தான் கொண்டுபோய் விடுகிறார்.

அக்கா, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் தம்பிக்கு அது தேவைப்படாமலே போகட்டும். தேவை என்று டாக்டர் சொல்கிற நாள் வந்தால் அழுது தடுக்க வேண்டாம்.

வடகரை_ராஜா:

டாக்டர், ஒரு சந்தேகம். என் மச்சானுக்கு ஆறு மாதமாக அடிக்கடி படபடப்பு, ஒரு தடவை மயங்கி விழுந்தார். எம்ஆர்ஐயில் நடுச்சுவரில் தழும்பு, பழைய மயோகார்டைட்டிஸாகவும் இருக்கலாம் சார்காய்டாகவும் இருக்கலாம் என்று எழுதி, பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். பயாப்ஸியே செய்துவிடலாமே, ஏன் இன்னொரு ஸ்கேன்?

துடிப்பு_மதுரை:

ராஜா, இந்த இடத்தில் பெட் ஸ்கேன் வீண் செலவு இல்லை. எம்ஆர்ஐ தழும்பைக் காட்டியிருக்கிறது, அது இப்போதும் எரிகிறதா என்று பெட் சொல்லும். அழற்சி செல்கள் சர்க்கரையை இழுக்கும், அதனால் படத்தில் அந்த இடம் ஒளிரும். ஆனால் ஆரோக்கியமான இதயமும் சர்க்கரையை இழுக்கும் என்பதால் அதைப் பழக்கம் மாற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முந்தின நாள் சோறு, இட்லி, பால், பழம், ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட காப்பி எதுவும் கூடாது. முட்டை, கறி, நெய், பிறகு முழுப் பட்டினி. இதில் ஏமாற்றினால் இதயம் முழுக்க ஒளிர்ந்து ஸ்கேனே பாழாகும், நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது.

இன்னொரு லாபம், மார்புக்குள் நிணநீர்க் கட்டி ஒளிர்ந்தால் இதயத்தைத் தொடாமல் அந்தக் கட்டியிலிருந்தே பயாப்ஸி எடுத்துவிடலாம், சுலபம், அகப்படும் வாய்ப்பும் அதிகம். நம் நாட்டில் அது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் சார்காய்டும் டிபியும் மைக்ரோஸ்கோப்பில் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். டிபி இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் டிபி பரவும். எடுத்த திசுவை டிபி பிசிஆருக்கும் கல்ச்சருக்கும் சேர்த்து அனுப்பினார்களா என்று கேளுங்கள். மயங்கி விழுந்தவர் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே முடியுங்கள்.

காவிரிக்கரை_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. எம்ஆர்ஐ முடிந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. டி2 மேப்பிங் எண் கூடியிருக்கிறது, பக்கவாட்டுச் சுவரின் வெளிப்புறத்தில் வெள்ளைக் கோடு, நடுச்சுவரில் எதுவும் இல்லை, பம்பிங் 54. இரண்டு தடயமும் இருக்கிறது, பயாப்ஸி தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுச்சுவரில் இல்லாததை எங்கிருந்து கிள்ளி எடுப்பார்கள் என்று பெரியப்பா மகனிடம் நானே போனில் விளக்கினேன், அவரும் சரி என்றார். எலிக்காய்ச்சல், டெங்கு, ஸ்க்ரப் மூன்றும் கேட்டு வாங்கினேன், நெகட்டிவ். பொருக்கு எதுவும் இல்லை.

மானிட்டரில் ஐந்து நாளாகத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, நாளை டிஸ்சார்ஜ். ஆறு மாதம் கபடி, ஓட்டம், ஜிம் எதுவும் கூடாது, மூன்றாம் மாதம் ஹோல்டரும் (நாள் முழுக்க உடம்பில் மாட்டி எடுக்கும் ஈசிஜி) எக்கோவும், அதற்குப் பிறகு திரும்ப எம்ஆர்ஐ. மாட்டுப்பொங்கல் போட்டிக்கு டீமில் பெயர் கொடுத்திருந்தான். கேப்டன் நேற்று வந்து ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், போகும்போது தம்பியின் ஜெர்சியை வாங்கிக்கொண்டு போனான். தம்பி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா அழவில்லை, கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஹோல்டர் ரிப்போர்ட் வந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன். மல்லிகைப்பந்தல், உங்கள் கணவரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.